பழைய போலோ டிஎஸ்ஐ: தினசரி ஓட்டத்துக்கும் ட்யூனிங்குக்கும் ஏற்ற வண்டியைப் பார்த்து வாங்குவது எப்படி?

வாரநாளில் டிராஃபிக்கில் ஊர்ந்து ஆபீஸ் போய்வர வேண்டும். ஞாயிறு விடியலில் ஏலகிரி கொண்டை ஊசி வளைவுகளில் துருதுருவென்று ஏறவும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே சின்ன வண்டி, அதுவும் செகண்ட் ஹேண்டில் என்று தேடுபவர்களுக்கு இன்றைக்கும் முதல் பதில் ஃபோக்ஸ்வாகன் போலோதான். 2022-ல் இந்தியாவில் இதன் விற்பனை முடிந்துவிட்டதால், சந்தையில் இருப்பவை எல்லாமே பழைய வண்டிகள். அவற்றில் நல்லது எது, தலைவலி எது என்று பிரித்தெடுப்பதுதான் வேலை.

வேறு வண்டிகளே இல்லையா என்றால், இருக்கின்றன. 145 பிஎஸ் அபார்த் புன்டோவின் என்ஜின் அருமையானது, ஆனால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும். டாடாவும் கோவை ஜெயமும் சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபி துடிப்பான வண்டி, ஆனால் கண்ணில் படுவதே அபூர்வம். பலேனோ ஆர்எஸ் நம்பகமானது. போலோவை முன்னே நிறுத்துவது அதன் உறுதியான உடம்பும் உதிரிபாகமும்தான். வென்டோ, ரேபிட், அமியோ என்று அதே குடும்பத்து வண்டிகள் ஊரெங்கும் ஓடுவதால், லோயர் ஆர்ம் புஷ்ஷிலிருந்து ஹெட்லைட் வரை எதையும் வெளிச்சந்தையில் வாங்கலாம். ட்யூனிங் செய்யப் போகிறவருக்கு இதுதான் பெரிய பலம்.

எந்த என்ஜினைத் தேடுவது?

முதல் தேர்வு, 2020 முதல் 2022 வரை வந்த 1.0 டிஎஸ்ஐ, 6 கியர் மேனுவல். மூன்று சிலிண்டர், டர்போ, நேரடி எரிபொருள் செலுத்தும் முறை, 110 பிஎஸ் சக்தி, 175 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை). வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினுக்குப் பதில் பெல்ட். இதே என்ஜினோடு வந்த 6 கியர் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் வகை. நெரிசலில் ஓட்ட அதுவும் நல்லதே.

இரண்டாவது, 2013-ல் அறிமுகமாகி 2020 வரை வந்த ஜிடி டிஎஸ்ஐ. நான்கு சிலிண்டர் 1.2 டர்போ, 105 பிஎஸ், அதோடு டிஎஸ்ஜி எனப்படும் 7 கியர் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். ஓட்டும் சுகத்தில் 1.0-ஐ விட இது வழுவழுப்பானது. விலையும் குறைவாகக் கிடைக்கும். குறைவாகக் கிடைப்பதற்குக் காரணம் அந்த கியர்பாக்ஸ்.

டிக்யூ200 எனப்படும் இந்த கியர்பாக்ஸில் இரண்டு கிளட்ச்கள் உண்டு. இரண்டும் உலர் கிளட்ச், அதாவது எண்ணெயில் மூழ்கி இயங்குபவை அல்ல. பம்பரோடு பம்பர் ஒட்டி ஊர்ந்து நகரும் சாலையில் முதல் கியர் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். சூட்டை வாங்கிக்கொள்ள எண்ணெய் இல்லாததால் தகடு மினுங்கிப்போய் வண்டி நடுங்கத் தொடங்கும். இன்னொரு பலவீனம் மெகட்ரானிக்ஸ் யூனிட். கியர் மாற்றும் வால்வுகளும் மின்மூளையும் சேர்ந்த பெட்டி இது. இதில் அழுத்தம் போனால் பலகையில் கியர் எழுத்துகள் மின்னும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். கிளட்ச் செட், மெகட்ரானிக்ஸ் இரண்டும் பெரிய செலவுகள். இவை மாற்றப்பட்டதற்கான பில் இருக்கும் ஜிடி டிஎஸ்ஐ, பில் இல்லாததைவிடப் பலமடங்கு மேல். டிஎஸ்ஜி வண்டியைக் கிலோமீட்டரைப் பார்த்து வாங்காதீர்கள், பில்லைப் பார்த்து வாங்குங்கள்.

1.2 என்ஜினில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். என்ஜின் நம்பர் சிபிஇசட் என்று தொடங்கினால் டைமிங் செயின் உள்ள பழைய வகை. சிஜேஇசட் என்று தொடங்கினால் பெல்ட் வகை. செயின் வகையில் செயின் நீண்டு தளர்வது தெரிந்த நோய்.

தினமும் 60, 70 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு ஜிடி டிடிஐ டீசல் பொருந்தும். 250 நியூட்டன் மீட்டர் இழுவை, 5 கியர் மேனுவல். நகரத்துக்குள் மட்டும் ஓடுவதாக இருந்தால் அதன் பக்கம் போக வேண்டாம்.

பேட்ஜை நம்ப வேண்டாம். 1.0 எம்பிஐ என்று டர்போ இல்லாத போலோவும் உண்டு. அதுவும் 999 சிசி, அதுவும் மூன்று சிலிண்டர். ஆர்சி புத்தகத்தில் சிசியைப் பார்த்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. டிக்கியில் ஒட்டும் டிஎஸ்ஐ எழுத்து எந்த ஆக்சஸரி கடையிலும் கிடைக்கும். கியர் லீவரில் 6 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், எம்பிஐ-க்கு 5 கியர்தான். பிறகு பானெட்டைத் திறந்து டர்போவையும் அதற்குப் போகும் குழாயையும் கண்ணால் பாருங்கள். ஆர்சியில் உள்ள மாடல் பெயர், சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர் மூன்றும் வண்டியோடு பொருந்த வேண்டும்.

ஏற்கெனவே ட்யூன் செய்த வண்டி என்று விளம்பரம் வந்தால் தாண்டிப் போய்விடுங்கள். யார் எழுதிய ஃபைல் (என்ஜினின் மின்மூளைக்கு எழுதும் மென்பொருள்), எந்தப் பெட்ரோல், எத்தனை முறை சூடேறாத என்ஜினை முறுக்கினார்கள் என்று எதுவும் உங்களுக்குத் தெரியாது. ஒரே ஓனர், கம்பெனியில் வந்த நிலையிலேயே இருக்கும் வண்டி, அலுப்பூட்டும் அளவுக்கு ஒழுங்கான சர்வீஸ் வரலாறு: இதைத்தான் தேட வேண்டும்.

காகிதங்கள் முதலில்

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே பதிவு எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, பேங்க் கடன் பதிவாகியிருக்கிறதா, நிலுவை சலான் இருக்கிறதா எல்லாம் வரும். கடன் இருந்தால் பேங்க்கின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை சான்று) படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் தரக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28 என்ஓசி வாங்கி, இங்கே ஆயுட்கால வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். புதுச்சேரி வண்டி மலிவாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்த வரிதான். வரியையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்த பிறகே விலையை ஒப்பிடுங்கள்.

விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். நோ கிளெய்ம் போனஸ் விற்றவருடையது, அது வண்டியோடு வராது. அதனால் பிரீமியம் கொஞ்சம் ஏறும்.

விற்பவரைக் கூட அழைத்துக்கொண்டு, அல்லது அவர் சம்மதத்தோடு, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரி வாங்குங்கள். ஒவ்வொரு வருகையிலும் பதிவான கிலோமீட்டர் படிப்படியாக ஏறியிருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருடம் காணாமல் போயிருந்தால் அந்த இடைவெளிக்கு வெளி கராஜ் பில் கேளுங்கள்.

குளிர்ந்த வண்டியைத்தான் பார்க்க வேண்டும்

காலையில், யாரும் ஸ்டார்ட் செய்யும் முன் வருவதாகச் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய சத்தம் ஏற்கெனவே கேட்டு முடிந்துவிட்டது. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள்.

குளிர்ந்த என்ஜினில் சாவியைத் திருப்பும்போது பானெட் திறந்திருக்க, காது டைமிங் பக்கம் இருக்கட்டும். ஒரு நொடி சலசலப்பு இயல்பு. தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்குவது போல மூன்று நான்கு நொடி நீடித்தால், செயின் வகை 1.2-ல் செயினும் டென்ஷனரும் மாற்றும் காலம் வந்துவிட்டது. டர்போ பக்கத்தில் இருந்து வரும் மெல்லிய உலோகக் கிலுகிலுப்பு என்றால் டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டின் லீவர் தேய்ந்திருக்கலாம். அது மாட்டிக்கொண்டால் மீட்டர் பலகையில் இபிசி என்ற எச்சரிக்கை விளக்கு எரிந்து பிக்கப் போய்விடும்.

அடுத்து கூலன்ட். ரிசர்வாயரில் இளஞ்சிவப்பு நிறத்தில், குறைந்தபட்ச (MIN) கோட்டுக்கும் அதிகபட்ச (MAX) கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். 1.0-ல் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் ஒரே கூடாக கியர்பாக்ஸ் பக்கம் உட்கார்ந்திருக்கும். டார்ச் அடித்து அந்த இடத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக உப்புப் பூத்திருக்கிறதா பாருங்கள். பூத்திருந்தால் கசிவு. மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கி எழுந்த வண்டிகள் வேறு மாவட்டங்களுக்குப் போய் விற்பனையாகும் என்பதால், மதுரையிலோ கோவையிலோ பார்த்தாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள். முன் சீட் பெல்ட்டை முழுவதும், இனி வராது என்னும் வரை இழுங்கள். எல்லோரும் வெளியே தெரியும் முக்கால் பங்கைத்தான் கழுவுவார்கள். உருளைக்குள் சுற்றியிருக்கும் கடைசி ஒரு அடியில் பழுப்புக் கோடு இருந்தால், வண்டிக்குள் தண்ணீர் நின்றது என்பதை அது சொல்லிவிடும். சீட் முன்பின் நகரும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் மெல்லிய வண்டல், ஃபியூஸ் பெட்டிக் கம்பி முனைகளில் பச்சைப் பூச்சு ஆகியவையும் சாட்சிகள். ஏசி போட்டதும் வரும் வாடையை மறைக்க நிறைய வாசனைத் திரவம் அடித்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

உடம்பில் டிங்கரிங், பட்டி வேலை இருக்கிறதா என்பதற்கு ஃபெண்டர் போல்ட் தலைகளைப் பாருங்கள். ஸ்பானர் பட்டால் பெயின்ட் உதிர்ந்திருக்கும். எல்லாக் கண்ணாடிகளிலும் ஒரே வருடம் அச்சாகியிருக்க வேண்டும். பம்பரும் கதவும் மாறியிருந்தால் பரவாயில்லை. ஏப்ரனிலும் (என்ஜின் அறையின் பக்கச் சுவர்) பில்லரிலும் (கூரையைத் தாங்கும் தூண்) கம்பெனி ஸ்பாட் வெல்டிங்கின் வட்டத் தடங்கள் இல்லாமல் வழவழவென்று இருந்தால் வேண்டாம்.

ஸ்கேனர் போடாமல் முடிவு செய்யாதீர்கள்

ஃபோக்ஸ்வாகன் வண்டிக்கு விசிடிஎஸ் அல்லது ஓபிடி லெவன் என்ற ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். பழைய கோளாறுகள் பதிவாகும்போது அந்த நேரத்துக் கிலோமீட்டரும் சேர்ந்தே பதியும். மீட்டர் 48,000 காட்டும் வண்டியில், 71,000-ல் வந்த ஒரு கோளாறு கிடைத்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று பொருள். எந்தக் கோளாறும் இல்லாமல் சுத்தமாக வந்தாலும் ரெடினஸ் நிலையை, அதாவது வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்துவிட்டதா என்பதைப் பாருங்கள். அது முடியாமல் இருந்தால், நீங்கள் வரும் முன்னர்தான் எல்லாவற்றையும் அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். சிலிண்டர் வாரியாக மிஸ்ஃபயர் எண்ணிக்கையும், டிஎஸ்ஜி என்றால் இரண்டு கிளட்ச்களின் அடாப்டேஷன் அளவுகளும் (தேய்மானத்துக்கு ஏற்ப கியர்பாக்ஸ் தானே சரிசெய்துகொண்ட அளவுகள்) எடுக்கச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

குறைந்தது 15 கிலோமீட்டர், ஏசி முழுவதும் போட்டு, பாதி நெரிசல், பாதி திறந்த சாலை. மேனுவலில் 5-வது கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். ஆர்பிஎம் தாவி, வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. என்ஜின் சூடேறிய பிறகு 3-வது கியரில் 2,000 முதல் 5,000 வரை இழுத்துப் பாருங்கள். தடங்கல், நடுவில் தொய்வு, கண்ணாடியில் நீலப் புகை மூன்றும் இருக்கக் கூடாது.

டிஎஸ்ஜியில் சமதளத்தில் டி போட்டு பிரேக்கை விட்டால், வண்டி உதறாமல் தானாக நகர வேண்டும். சின்ன ஏற்றத்தில் பின்னோக்கி ஏற்றிப் பாருங்கள், ரிவர்ஸ் கிளட்சின் நடுக்கம் அங்கேதான் வெளிப்படும். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன்பக்கம் டொக் டொக் என்றால் லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட். இவை இந்த வண்டியில் தேயும் சாமான்கள்தாம், பயம் வேண்டாம். விலை பேச உதவும்.

கையில் 7 லட்சம் இருந்தால் 6 லட்சத்துக்குள் வண்டியை முடியுங்கள். மீதி ஒரு லட்சம் முதல் மாதத்துக்கு. இதை மீறி முழுப் பணத்தையும் வண்டியில் கொட்டியவர்கள்தாம் தேய்ந்த டயரில் ரீமேப் (என்ஜின் மென்பொருளை மாற்றி எழுதுவது) செய்துகொண்டு ஓடுகிறார்கள்.

முதல் மாத வேலைகள்

பில் எவ்வளவு புதிதாக இருந்தாலும் எல்லா எண்ணெயையும் மாற்றி, உங்கள் கணக்கைப் பூஜ்யத்தில் தொடங்குங்கள். என்ஜின் ஆயில் ஏறக்குறைய 4 லிட்டர். வண்டியோடு வந்த கையேட்டில் சொன்ன ஃபோக்ஸ்வாகன் தர எண் டப்பாவில் அச்சாகியிருக்க வேண்டும். 5டபிள்யூ-40 என்ற பாகுநிலை மட்டும் பொருந்தினால் போதாது. டிரெயின் போல்ட் ஒவ்வொரு முறையும் புதிது, இறுக்கம் 30 நியூட்டன் மீட்டர். கைப்பலத்துக்கு இறுக்கி மரையைக் கெடுத்தால் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பையே மாற்ற வேண்டிவரும். கம்பெனி 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று சொன்னாலும், நெரிசல் ஓட்டத்துக்கும் டர்போவுக்கும் 7,500-ல் மாற்றுவதே நல்லது.

ஸ்பார்க் பிளக் (1.0-க்கு மூன்று), ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், கூலன்ட், டாட் 4 பிரேக் ஆயில் ஒரு லிட்டர். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். வால்பாறையின் 40 வளைவுகளை இறங்கும்போது பெடல் தரை வரை போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

60,000 கிலோமீட்டர் தாண்டிய டிஎஸ்ஐ என்றால், இன்டேக் வால்வுகளைச் சின்னக் கேமரா விட்டுப் பாருங்கள். பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் போவதால் வால்வின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை. எண்ணெய் ஆவி படிந்து கரி கட்டும். அதிகம் கட்டியிருந்தால் வால்நட் ஓட்டுத் தூள் அடித்துச் சுத்தம் செய்யும் கராஜைத் தேடுங்கள். டப்பாவில் விற்கும் பெட்ரோல் சேர்க்கைகள் அந்த இடத்தைத் தொடவே செய்யாது.

ட்யூனிங்: டயரிலிருந்து மேலே

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஐந்து வருடம் கடந்த டயரை மாற்றிவிடுங்கள். 16 இன்ச் வீலில் வந்த போலோவுக்கு அளவு 195/55 ஆர்16, விட்டம் 621 மில்லிமீட்டர். 205/55 போட்டால் 632, கிட்டத்தட்ட 2 சதவீதம் கூடும், அதுவே எல்லை. அலாய் மாற்றுவதாக இருந்தால் 5 துளை, 100 மில்லிமீட்டர் வட்டம், நடுத்துளை 57.1. நடுத்துளை பெரிதாக இருந்தால் வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் 90-க்கு மேல் ஸ்டியரிங் ஆடும். வீல் போல்ட் இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர்.

அடுத்து முன் பிரேக் பேடும் டிஸ்கும். பிறகு ஷாக் அப்சார்பர். தேய்ந்த ஷாக்கில் தாழ்த்தும் ஸ்பிரிங்கை மட்டும் மாட்டினால், இரண்டே மாதத்தில் ஷாக் எண்ணெய் கக்கும். நம் ஊர் வேகத்தடைகளுக்கு 25 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்த வேண்டாம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 கம்பெனி அளவிலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது. பிரிவு 182ஏ-யின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாத மாற்றம், கிளெய்ம் நேரத்தில் உங்களுக்கு எதிராக நிற்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடச் சொல்லும் கடைக்குப் போகாதீர்கள். இந்த அளவு ட்யூனிங்கில் கிடைப்பது சத்தம்தான், சக்தி அல்ல.

கடைசியாக ரீமேப். 1.0-ன் மேனுவல் கியர்பாக்ஸ் எம்க்யூ200 குடும்பம். அந்த 200 என்பது அது தாங்க வடிவமைத்த நியூட்டன் மீட்டர் அளவைச் சுட்டுவது. டிஎஸ்ஜியின் எல்லை 250. ட்யூனர்கள் 230, 240 என்று விற்பது இந்த மேனுவல் கியர்பாக்ஸின் எண்ணைத் தாண்டித்தான். உடனே உடையும் என்பதில்லை, ஆனால் கிளட்சும் பேரிங்கும் சீக்கிரம் தேயும். ட்யூனரிடம் உச்ச பவரைக் கேட்காதீர்கள், 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கை எப்படி அடக்கியிருக்கிறார் என்று கேளுங்கள். அங்கேதான் நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போவின் பெரிய ஆபத்து: ஸ்பார்க் வரும் முன்பே கலவை தானாகப் பற்றி பிஸ்டனை உடைக்கும். 6-வது கியரில் 1,500-ல் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் அதை வா என்று அழைப்பது போல. கியரைக் குறைத்துவிட்டு அழுத்துங்கள். இந்த முன்பற்றலுக்கு எதிரான சோதனையில் தேறியது ஏபிஐ எஸ்பி தர ஆயில், அந்த எழுத்தும் டப்பாவில் இருப்பது நல்லது.

வாரம் தவறாமல் எந்தப் பெட்ரோல் ஊற்றுவீர்களோ அதற்கே ஃபைல் எழுதச் சொல்லுங்கள். 95 ஆக்டேனுக்கு எழுதியதில் அதற்குக் குறைந்ததை ஊற்றினால், என்ஜின் தட்டலை உணரும் நாக் சென்சார் இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்து, கட்டிய காசைக் கரைத்துவிடும். பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றி, 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை புதிதாக்குங்கள்.

ஃபைல் ஏற்றிய அன்றே மதிய வெயிலில் 3-வது கியரில் 2,000 முதல் 6,000 வரை லாக் (என்ஜின் அளவீடுகளின் பதிவு) எடுக்கச் சொல்லுங்கள். இதற்கு டைனோவோ (வண்டியை நிறுத்திவைத்தே சக்தியை அளக்கும் உருளை மேடை) ரேஸ் டிராக்கோதான் சரியான இடம். மின்மூளை கேட்ட பூஸ்ட் (டர்போ அழுத்தம்), கிடைத்த பூஸ்ட் இரண்டு கோடுகளும் ஒட்டிப் போக வேண்டும். ஏதாவது ஒரு சிலிண்டரில் மட்டும் டைமிங் 4 டிகிரிக்கு மேல் திரும்பத் திரும்பப் பின்வாங்கினால் முதலில் அந்த பிளக்கையும் காயிலையும் இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றியும் அதே சிலிண்டரிலேயே நின்றால் வால்வுக் கரியையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். எல்லாச் சிலிண்டரிலும் பின்வாங்கினால் ஃபைல் உங்கள் பெட்ரோலுக்கு அதிகம். திருத்தித் தரும்வரை கம்பெனி ஃபைலிலேயே ஓட்டுங்கள். அதன் நகல் உங்கள் பென் டிரைவில் இருக்கட்டும்.